துணை நாய்க்கு இனம் அமைப்பது எப்படி: ஃபேன்டஸி ஆட்ட மேசைக்கான வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேசை ஆட்டத்தின் 2014 பதிப்பில், காசு கொடுத்து வாங்கக்கூடிய சாதாரண நாய் ஒன்றே ஒன்றுதான்: மாஸ்டிஃப். விலை 25 தங்கக் காசு. ஏசி (தாக்குபவர் எட்ட வேண்டிய எண்) 12, எச்பி (உயிர்ப்புள்ளி) 5, ஒரு சுற்றில் 40 அடி ஓட்டம், கடித்தால் சேதம் 1டி6+1 (ஆறுமுகப் பகடை ஒன்றை உருட்டி 1 கூட்டு). கடிபட்டவர் வலிமைப் பகடையில் 11 எடுக்காவிட்டால் கீழே விழுவார். கிரேஹவுண்ட் வேண்டும், டேக்ஸ்ஹண்ட் வேண்டும் என்று யாராவது கேட்டால், சில டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) இதே நாய்க்குப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். வேறு சிலர் கேட்டதையெல்லாம் கூட்டிக் கொடுத்து, மூன்றாவது ஆட்டத்தில் தலையைச் சொறிவார்கள். நிஜ உலகில் ஒவ்வொரு இனமும் ஒரு வேலைக்காக வேறொன்றை விட்டுக்கொடுத்து உருவானதுதான். ஆட்டத்திலும் அதே கணக்கைப் பிடியுங்கள்: மாஸ்டிஃபிடமிருந்து ஒன்றை எடு, ஒன்றைக் கொடு.

எடுக்கத் தகுந்தவை மூன்று: விழவைக்கும் கடி, மோப்பத்திலும் செவியிலும் உள்ள அட்வான்டேஜ் (இருபதுமுகப் பகடையை இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது), ஆளைச் சுமக்கும் உடல். கொடுப்பதற்கு உச்சவரம்பு ஓநாய். அதற்கு எச்பி 11, கடி 2டி4+2, கூட்டாளி பக்கத்தில் இருந்தால் தாக்குதலில் அட்வான்டேஜ். நீங்கள் அமைத்த நாய் இதைத் தொட்டுவிட்டால், முதல் நிலை வீரர்களுக்கு வேலை இருக்காது.

பிளட்ஹவுண்டுக்கு விழவைக்கும் கடியை எடுத்துவிடுங்கள். மனிதரிடம் சாதுவான இனம் அது. தேடிப்போன ஆளைக் கண்டதும் வாலாட்டினாலும் ஆச்சரியமில்லை. பதிலுக்குத் தடம் பிடிக்கும் சர்வைவல் பகடைக்கு +5 கொடுத்து, இரண்டு நாள் பழைய தடத்தையும் பிடிக்க விடுங்கள். கிரேஹவுண்ட், சலூக்கி, சிப்பிப்பாறை போன்றவை கண்ணால் வேட்டையாடுபவை. இவற்றுக்கு மோப்ப அட்வான்டேஜைப் பார்வைக்கு மாற்றி, ஓட்டத்தை 60 அடியாக்கி, எச்பியை 4 ஆக்குங்கள். தொடர்ந்து மூன்று சுற்று டாஷ் (இரட்டிப்புத் தூரம் ஓடுவது) எடுத்தால் நான்காவதில் மூச்சு வாங்கி நிற்க வேண்டும். உடலில் கொழுப்பு குறைவு என்பதால் குளிருக்கு எதிரான பகடைகள் டிஸ்அட்வான்டேஜோடு (இரண்டில் குறைந்ததை எடுப்பது). நிஜ வேகத்தை மேசைக்குக் கொண்டுவர முயலாதீர்கள்: கிரேஹவுண்ட் மணிக்கு ஏறக்குறைய 70 கி.மீ. ஓடும்; ஆறு வினாடிச் சுற்றில் அது 380 அடியைத் தாண்டும். வரைபடத் தாளே போதாது.

டேக்ஸ்ஹண்டின் பெயரில் உள்ள ‘டேக்ஸ்’ ஜெர்மன் மொழியில் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கைக் குறிக்கும். வளைக்குள் புகுந்து அதோடு மோதவே குட்டைக்கால். அளவு ஸ்மால் (சிறியது), எச்பி 1டி6 (சராசரி 3), கடி 1டி4, யாரையும் விழவைக்காது, ஓட்டம் 25 அடி. ஓரடி அகலப் பொந்துக்குள் தடையில்லாமல் போய்வரும். நிலவறை ஆட்டங்களில் இதைவிடப் பயனுள்ள நாய் குறைவு. ஆனால் பொந்தின் மறுபக்கம் என்ன இருந்தது என்று அது வந்து சொல்லாது. அதற்கு விலங்குகளோடு பேசும் மந்திரம் வேண்டும்.

நியூஃபவுண்ட்லாந்துக்கு நீச்சல் 30 அடி, தரையிலும் 30 அடிதான். வலிமையை 15 ஆக்கினால் இழுக்கும் எல்லை 450 பவுண்ட். கவசத்தோடு மூழ்கும் வீரரைக் கரைசேர்க்கப் போதும். பசென்ஜி சாதாரண நாய்போலக் குரைப்பதில்லை. மோப்ப அட்வான்டேஜை எடுத்துவிட்டு ஸ்டெல்த்துக்கு (ஒளிந்து நகரும் திறன்) +5 கொடுக்கலாம். ஆனால் காவலுக்கு வைத்தால் யாரையும் எழுப்பாது.

பார்டர் கோலியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். புத்திசாலி நாய் என்று இன்டெலிஜென்ஸை 3லிருந்து 4 ஆக்குவார்கள். ஆனால் விலங்கை நட்பாக்கும் ‘அனிமல் ஃபிரெண்ட்ஷிப்’ மந்திரம் இன்டெலிஜென்ஸ் 4 அல்லது அதற்கு மேல் உள்ள விலங்கிடம் பலிக்காது. ட்ரூயிடின் (இயற்கை மந்திரவாதி) கையிலிருந்த ஒரு கருவி அதோடு போச்சு. எண்ணைத் தொடாமல், மந்தை மறிக்கும் குணத்தைக் கொடுங்கள்: நாய்க்கு ஐந்தடிக்குள் தன் முறையைத் தொடங்கும் எதிரியின் நடை அந்தச் சுற்றில் 10 அடி குறையும். கடி வெறும் 1டி4, விழவைக்காது.

காவல் வேலையில் மாஸ்டிஃபே போதும். அதன் பாசிவ் பெர்செப்ஷன் (பகடை உருட்டாமலே கவனிக்கும் எண்) 13. அட்வான்டேஜ் இருக்கும் இடத்தில் பாசிவ் எண்ணோடு 5 கூட்ட வேண்டும் என்பது விதி. ஆக, சத்தமோ வாசனையோ வரும் இடத்தில் 18. ஸ்டெல்த் +6 உள்ள கோப்ளின் (குட்டி அரக்கன்) 13ஐ எட்டப் பகடையில் 7 எடுத்தால் போதும். 18ஐ எட்ட 12 வேண்டும். 25 காசுக்கு இது மிக மலிவு, அதனால்தான் இரவுத் தாக்குதல்கள் சப்பென்று ஆகின்றன. நாயின் எண்ணைக் குறைக்காதீர்கள், சூழலை மாற்றுங்கள். நாய் இருக்கும் பக்கத்திலிருந்து தங்களை நோக்கிக் காற்று வீசும்படி எதிரிகள் வரட்டும், அருவிச் சத்தம் இருக்கட்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் கூட்டின 5 போய்விடும். ஒவ்வொரு இரவும் ஒரு டி6 உருட்டி, 1 வந்தால் நாய் முயலைப் பார்த்துக் குரைக்கும் என்று வைத்தால், குரைத்ததுமே வாளை உருவும் பழக்கமும் குறையும்.

சவாரி செய்ய, ஏறுபவரைவிட நாய் ஒரு அளவாவது பெரிதாக இருக்க வேண்டும். மாஸ்டிஃப் மீடியம் (நடுத்தர அளவு) என்பதால் ஸ்மால் அளவுள்ள குட்டை இனத்தவரான ஹாஃப்லிங்கும் நோமும் ஏறலாம். ஆனால் சுமையை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மாஸ்டிஃபின் எல்லை 195 பவுண்ட். ஹாஃப்லிங் 40, செயின் மெயில் (சங்கிலிக் கவசம்) 55, எக்ஸ்ப்ளோரர்ஸ் பேக் (பயண மூட்டை) 59, சேணம் 25: மொத்தம் 179. இதன்மேல் நாய்க்குத் தோல் கவசம் போட்டால் விலங்குக் கவசத்துக்கு எடை இரட்டிப்பு என்பதால் 20 பவுண்ட் ஏறி 199 ஆகிவிடும். விலை நான்கு மடங்கு, அதாவது 40 காசு. கிடைப்பது ஏசி 12லிருந்து 13. மூட்டையைக் கழுதைமேல் ஏற்றிவிட்டு, அந்த 40 காசையும் மிச்சப்படுத்துவதே மேல்.

கட்டளைகளுக்கு 2014 பதிப்பில் தனிப் பட்டியல் இல்லை. 3.5 பதிப்பில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம்: இன்டெலிஜென்ஸ் 2 உள்ள விலங்கு அதிகபட்சம் ஆறு வித்தைகள் கற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். வா, இரு, எடுத்து வா போன்றவற்றுக்குப் பகடை இலக்கு 15. தாக்கு, காவல் இரு, தடம் பிடி ஆகியவற்றுக்கு 20. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரணமாகப் பழகிய நாய் மனித வகையினரையும் ராட்சதரையும் விலங்குகளையும்தான் தாக்கும். எழுந்து வரும் எலும்புக்கூட்டைத் தாக்க வேண்டுமென்றால் ‘தாக்கு’ வித்தையை இரண்டு முறை கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். கல்லறைக் காட்சியில் நாய் உறுமிக்கொண்டு பின்வாங்குவது எந்த வர்ணனையையும்விட நன்றாக வேலை செய்யும். கற்ற வித்தைகளைச் சிறு அட்டையில் எழுதி, உரிமையாளரின் முறையிலேயே நாயையும் நகர்த்தச் சொல்லுங்கள். தனி இனிஷியேட்டிவ் (சண்டையில் முறை வரும் வரிசை) கொடுத்தால் சண்டை இழுத்துக்கொண்டே போகும்.

இனி சாவு. ஃபயர்பால் (நெருப்புக்குண்டு) மந்திரத்தின் சராசரிச் சேதம் 28. தப்பிப் பாதி வாங்கினாலும் 14. ஐந்து எச்பி நாய்க்கு இரண்டும் ஒன்றுதான். விதிப்படி டிஎம் கட்டுப்படுத்தும் உயிர்கள் பெரும்பாலும் பூஜ்யத்தில் உடனே சாகும். முக்கியமானவற்றுக்கு மட்டும் டெத் சேவ் (சாவிலிருந்து தப்ப உருட்டும் பகடை) தரலாம். நாய்க்குத் தருவீர்களா என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள், சண்டை நடுவில் முடிவெடுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். நாயோடு நெடுந்தூரம் போக நினைக்கும் ரேஞ்சருக்கு (காட்டு வேட்டைக்கார வகுப்பு) 2020இல் வந்த பீஸ்ட் மாஸ்டர் துணை விலங்கே சரி: எச்பி என்பது 5, அதோடு ரேஞ்சர் நிலையின் ஐந்து மடங்கு. மூன்றாம் நிலையில் 20. ரேஞ்சர் அல்லாதவர்கள் அதே ஆண்டு வந்த சைட்கிக் (துணை ஆள்) விதியில் ‘வாரியர்’ வகுப்பை எடுக்கலாம். குழுவோடு நாயும் நிலை ஏறும், பூஜ்யத்துக்கு வந்தால் டெத் சேவும் உருட்டும். ‘எக்ஸ்பர்ட்’ கிடைக்காது, அதற்குப் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.