கிளட்ச் பயம் போகணுமா? 100 சிசி வண்டில ஆரம்பிங்க

பைக் கத்துக்கணும்னு யாரு கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான். ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா, சிடி 100 மாதிரி ஒரு 100 சிசி வண்டி பாருங்க, வீட்ல அப்பாவோ சித்தப்பாவோ ஓட்டின பழசு கிடந்தா இன்னும் நல்லது. என் தங்கச்சி முதல்ல பெரியப்பா பையனோட கிளாசிக் 350ல ஏறிப் பார்த்தா, அது 195 கிலோ, நிறுத்தும்போது லேசா சாஞ்சாலே தாங்க முடியல, பயந்து விட்டுட்டா. அப்புறம் ஸ்ப்ளெண்டர்ல உக்கார வச்சேன். 112 கிலோதான், சீட் உயரம் 785 மி.மீ., ரெண்டு காலும் நல்லா தரையில ஊனுச்சு. கால் ஊனிட்டா பாதி பயம் போயிடும், அதுக்கப்புறம்தான் காதுல நாம சொல்றதே ஏறும்.

எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்), எல் போர்டு, ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஹெல்மெட் இதெல்லாம் இருக்குன்னு வச்சுக்கறேன். எல்எல்ஆர் போட்டு 30 நாள் கழிச்சுதான் டெஸ்ட்டுக்குப் போகலாம், அந்த ஒரு மாசமே பழக தாராளமா போதும்.

இடம்

நம்ம கடலூர்ல மஞ்சக்குப்பம் பக்கம் இருக்கறவங்க விடிகாலைல மைதானத்துக்குப் போங்க, வாக்கிங் போறவங்க வர்றதுக்குள்ள ஆரம்பிச்சா நல்லது. சில்வர் பீச் ரோட்டுல மட்டும் கத்துக்காதீங்க, காத்துல மணல் வந்து ரோட்டோரமா மெல்லிசா படிஞ்சிருக்கும், கண்ணுக்கே தெரியாது, அதுமேல முன் பிரேக் பிடிச்சா சர்ருன்னு வழுக்கி விட்டுரும். பாண்டில இருக்கறவங்க பீச் ரோட்டை நம்பாதீங்க, சாயங்காலம் ஆனா வண்டியே விடமாட்டாங்க.

உக்கார்றதுக்கு முன்னாடி கிளட்ச் கேபிளைப் பாருங்க

இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. நம்ம ஊரு உப்புக் காத்துக்கு கேபிள் உள்ளயே துரு பிடிச்சு லிவர் கல்லு மாதிரி ஆயிடும். புதுசா கத்துக்கறவங்க அதைப் பிடிச்சுப் பிடிச்சு கை வலிச்சு, டக்குன்னு விட்டுருவாங்க, வண்டி ஒரு குதி குதிச்சு ஆஃப் ஆயிடும், உடனே "எனக்கு கிளட்ச் வரல"ன்னு முடிவு பண்ணிடறாங்க, ஆனா கோளாறு கேபிள்லதான். ரெண்டு விரல்ல லிவரை இழுக்க வரணும், நுனியில ஒரு 10, 15 மி.மீ. லூசா ஆடணும். இல்லன்னா எண்ணெய் விட்டெல்லாம் பார்த்துட்டு இருக்காதீங்க, புது கேபிளே மாத்திடுங்க, சின்ன செலவுதான்.

கிளட்ச், ஆக்சிலேட்டர் தொடாம

இங்கதான் முக்காவாசிப் பேர் மாட்டறாங்க, அதனால நிதானமா படிங்க.

இன்ஜின் நல்லா சூடாகட்டும். சமதரையில நிறுத்தி, கிளட்ச்சை முழுசா பிடிச்சு, முன்னாடி மிதிச்சு ஃபர்ஸ்ட் கியர் போடுங்க. வலது கையை ஆக்சிலேட்டர்ல வைக்கவே கூடாது, விரலை முன் பிரேக் மேல சும்மா வச்சுக்கோங்க. இப்போ கிளட்ச்சை நூல் நூலா விடுங்க. ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் லேசா கம்மும், ஹேண்டில்பார்ல ஒரு சின்ன அதிர்வு வரும், வண்டி அரை அடி முன்னாடி நகரப் பார்க்கும். அந்த இடம்தான். அங்கயே கையை நிறுத்துங்க, ரெண்டு செகண்ட் அப்படியே இருங்க, வண்டி தானா ஊர ஆரம்பிக்கும். திரும்ப பிடிங்க, நிக்கும். திரும்ப விடுங்க. கால் மணி நேரம் இதை மட்டுமே பண்ணுங்க, வேற எதுவும் வேணாம்.

சின்ன வண்டியோட அருமை இங்கதான் தெரியும். 8 குதிரைத்திறன்தான், ஆனா ஃபர்ஸ்ட் கியர்ல ஐடில்லயே ஆளைச் சுமந்துட்டு நடக்கற வேகத்துல போகும், கிளட்ச்சை வேகமா விட்டாலும் தூக்கி அடிக்காது, ஆஃப் ஆகும், அவ்ளோதான். பெரிய வண்டில பயந்து ஆக்சிலேட்டரை முறுக்கிட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

ஆக்சிலேட்டர் இல்லாம ஊர வந்துட்டா, அப்புறம் லேசா முறுக்கிக் கிளம்பறது, செகண்ட் போடறது எல்லாம் ஒரே காலைல வந்துரும். மேட்டுல நின்னு கிளம்ப லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதையில பழகலாம், ஆனா ஞாயித்துக்கிழமை விடிகாலைல மட்டும். பின் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, கிளட்ச்ல அந்த அதிர்வு வந்ததும் பிரேக்கை விடுங்க, வண்டி பின்னாடி உருளாது.

எட்டு போடறது

செகண்ட் கியர், பின் பிரேக் லேசா, முன் பிரேக் தொடவே கூடாது. கண்ணு தரையில இருந்தா கால் ஊனிடுவீங்க, அடுத்த வளைவைப் பாருங்க. எடை கம்மியான வண்டிங்கறதால கொஞ்சம் தடுமாறினாலும் இடுப்பாலயே நிமிர்த்திடலாம்.

செயினுக்கு நான் ஸ்ப்ரே வாங்கறதே இல்ல, 90 நம்பர் கியர் ஆயில்தான் போடுவேன், கடலோரத்துல அதுதான் நிக்குது. ஸ்ப்ளெண்டர்ல முழுசா மூடின செயின் கவர் இருக்கறதும் நமக்கு வசதி, மணல் உள்ள போறது ரொம்பக் கம்மி. பெட்ரோல் பாண்டில போட்டுக்கங்க, நம்ம பக்கத்தை விட விலை கம்மி.

அப்புறமா சேர்த்தது

படிச்சுட்டு ரெண்டு மூணு பேர் "சிக்னல்ல நியூட்ரல் பண்ணினா கொஞ்ச நேரத்துல வண்டி தானா ஆஃப் ஆகுது, நான் என்ன தப்பு பண்றேன்"னு கேட்டிருந்தாங்க. தப்பே இல்ல. ஐ3எஸ் இருக்கற ஸ்ப்ளெண்டர்ல நியூட்ரல்ல சும்மா நின்னா அதுவே இன்ஜினை நிறுத்தும், கிளட்ச்சைப் பிடிச்சா அதுவே ஸ்டார்ட் ஆகும். கத்துக்கற வரைக்கும் ஹேண்டில்ல இருக்கற அந்த சுவிட்சை ஆஃப் பண்ணி வச்சிருங்க. நிறைய புது வண்டிகள்ல சைடு ஸ்டாண்டு எடுக்காம கியர் போட்டாலும் ஆஃப் ஆகும், அதையும் பாருங்க.

இன்னொண்ணு, ஸ்ப்ளெண்டர்ல நாலு கியரும் முன்னாடி மிதிக்கறது. பல்சர்ல ஃபர்ஸ்ட் மட்டும் கீழ, மத்ததெல்லாம் மேல. இதுல பழகிட்டு நண்பனோட பல்சரை வாங்கி, கியர் ஏத்தறோம்னு நினைச்சு மிதிச்சா கியர் இறங்கும், வேகத்துல போகும்போது பின் டயர் இழுத்துரும். வண்டி மாத்தற அன்னிக்கு ரோட்டுக்குப் போகாம மைதானத்துலயே நாலு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு கிளம்புங்க.