தட்டடவிலேயே ஒட்டிக்கொள்ளும் தவறுகள்

எங்கள் பரதநாட்டிய வகுப்பு மாடியில். படி ஏறும்போதே உள்ளே பயிற்சி எப்படிப் போகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். பாதம் முழுதாக விழுந்தால் ‘தட்’ என்று ஒரே சத்தம். குதிகால் முந்தினால் ‘தொம்’. முன்பாதம் முந்தினால் சத்தம் இரண்டாக உடையும். ‘தையா தை’ சொல்லுக்குக் காலை மடக்கித் தூக்கித் தட்டுவதுதான் தட்டடவு, வேறொன்றும் இல்லை. ஆனால் பத்து வருஷம் ஆடியவர்களிடம் நான் பார்க்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த முதல் அடவில், அதாவது முதல் அடிப்படை அசைவில், ஒட்டிக்கொண்டவை.

பெரிய தவறு அரைமண்டியில், அதாவது முட்டியைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் நிலையில். “நல்லா உட்காரு, இன்னும் உட்காரு” என்று நானும் கத்தியிருக்கிறேன். பிள்ளை பயந்துபோய்க் கீழே இறங்குவாள். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயும், இடுப்பு பின்னால் தள்ளும், முதுகு முன்னால் வளையும். ஆழம் கிடைத்துவிடும், அரைமண்டி கிடைக்காது. கால் பக்கவாட்டில் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் திருப்பி வைத்துவிட்டு முட்டியை முன்னால் விட்டால், தொடை ஒரு திசை, பாதம் ஒரு திசை. நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்குவது முட்டி. அப்புறம் ஒவ்வொரு தட்டும் அந்த முறுக்கின் மேல்தான் விழுகிறது.

சரிபார்க்க ஒரு சுவர் போதும். குதிகாலைச் சுவரோரம் வைத்து, முதுகு சுவரில் படும்படி மெதுவாக இறங்குங்கள். இடுப்பு சுவரைத் தள்ளி உடம்பு முன்னால் விழப் பார்க்கிற இடத்துக்குச் சற்று மேலேயே நில்லுங்கள். முட்டி, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைக்கு உங்கள் அரைமண்டி அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவள் இன்னும் இரண்டு அங்குலம் கீழே இருந்தால் இருக்கட்டும். அவள் இடுப்பு எலும்பின் அமைப்பு வேறு.

உட்கார்ந்தது சரி, உட்கார்ந்தபடியே ஆடுகிறோமா? காலைத் தூக்கும்போது எழுந்து, தட்டும்போது உட்காருகிற பழக்கம் கண்ணுக்கே தெரியாமல் வந்துவிடும். கண்ணாடியில் அவரவர் தலை உயரத்துக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுவேன். எட்டுத் தட்டு முடிவதற்குள் தலை பொட்டைத் தாண்டினால் முதலிலிருந்து. சின்னப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, பெரியவர்களுக்குத் தண்டனை.

அடுத்தது காலம், அதாவது ஆடும் வேகம். ஓர் அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு, முதல் காலத்தில் ஒரு தட்டு என்றால் இரண்டாம் காலத்தில் 2, மூன்றாம் காலத்தில் 4. தாளத்தின் வேகம் மாறாது, அதற்குள் அடவுதான் இரட்டிக்கும். பலர் தாளத்தையே கொஞ்சம் வேகமாகப் போட்டுவிட்டு ‘இரண்டாம் காலம்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் தட்டுக்கழியால் தாளம் தட்ட ஆள் இல்லாதபோது இது நிச்சயம் நடக்கும். கைப்பேசியில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, மூன்று காலத்தையும் நிறுத்தாமல் ஆடிப் பாருங்கள். இன்னொரு விஷயம்: மூன்றாம் காலத்தில் கால் உயரம் குறைவது இயல்பு. பாதம் பாதியாக விழுந்தால்தான் பிரச்சினை. அதற்கு மருந்து மூன்றாம் காலத்தில் இல்லை, முதல் காலத்துக்கே திரும்ப வேண்டும்.

காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும் நாட்டடவில், நீட்டிய காலின் குதிகாலில் எடையைப் போடாதீர்கள். மடங்கிய கால்தான் உடம்பைத் தாங்க வேண்டும். நீட்டிய காலைச் சட்டென்று எடுக்க முடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கைகளில் முதலில் சோர்வது முழங்கை. நாட்டியாரம்பத்தில், அதாவது கைகளைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கும் தொடக்க நிலையில், அது தோள் மட்டத்திலிருந்து மெல்ல இறங்கும். “கையைத் தூக்கு” என்றால் தோள்பட்டை காதுவரை ஏறும். தூக்க வேண்டியது முழங்கையை, தோளை அல்ல. கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது தெரியாதவர்கள் இல்லை. ஆனாலும் எதிரே கண்ணாடி இருந்தால் கண் அதில்தான் நிற்கும். வாரத்தில் ஒரு வகுப்பாவது கண்ணாடிக்கு முதுகு காட்டி ஆடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நவராத்திரிக்குள் ஓர் உருப்படி, அதாவது மேடையில் ஆட ஒரு முழு நடனம், வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். முதல் உருப்படியான அலாரிப்பிலேயே முழுமண்டி, அதாவது குதிகால்மேல் முழுதாக உட்காரும் நிலை, உண்டு. அரைமண்டியே நிற்காத பிள்ளை அதில் தடுமாறித்தான் எழுந்திருப்பாள்.

தரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடியில் இடைவெளி விட்டுப் போட்ட மரத்தரை நல்லது. நம் ஊரில் பெரும்பாலும் காங்கிரீட்டின் மேல் டைல்ஸ்தான் வாய்க்கும். அப்படியானால் தட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள், உடம்பைச் சூடேற்றாமல் தொடங்காதீர்கள். முட்டிக்குக் கீழே காலின் முன்பக்க எலும்போரம் வலி தொடர்ந்து இருந்தால் “பழகினா சரியாயிடும்” என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சலங்கை கட்டிக்கொண்டால் எல்லாத் தட்டும் நன்றாகத்தான் கேட்கும். அதனால் அடவு வகுப்பில் சலங்கைப் பையைத் திறக்க நான் விடுவதில்லை.