பட்டுப்புழுவா, மாந்தோப்பா? வருமானக் கணக்குப் போடும் முறை

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்களுக்குப் பட்டுப்புழு தின்னும் மல்பெரியும் பழக்கம், பெங்களூரா ரக மாவும் பழக்கம். ஒரு வருட வரவை வைத்து இரண்டையும் ஒப்பிடாதீர்கள். 10 வருடத்துக்குப் போடுங்கள். மல்பெரி நட்டு 6 மாதத்தில் இலை வெட்டலாம். இளம்புழுவாக வாங்கினால் சுமார் 20 நாளில் கூடு. மாங்கன்று காய்க்க நாலைந்து வருடமாகும்.

100 முட்டைத் தொகுதிக்கு (ஒரு தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைகள் ஒரு தொகுதி) 60 கிலோ கூடு என்றே எழுதுங்கள், 80 வேண்டாம். இலை வெட்டிப் போடும் வீட்டுப் பெண்களின் கூலியைக் கட்டாயம் கழியுங்கள். அதை விட்டுவிட்டு லாபம் என்று சொல்வது எனக்குப் பொறுக்காது. புழு வளர்க்கும் மனைச் செலவு, கிருமிநாசினி, நோயில் போகும் ஒரு பருவம், எல்லாம் சேரட்டும். மாங்காய்க்கு, மாம்பழக் கூழ் எடுக்கும் ஆலை தரும் விலையையே போடுங்கள். கோடையில் கிணறு வற்றும் நிலமென்றால் மாந்தோப்புதான் சரி.