சேலத்திலிருந்து மாமல்லபுரம்: ஒரு நாள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு வீட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது. காலையில் நிதானமாக இட்லி சாப்பிட்டு ஏழு மணிக்குக் காரை எடுத்தால் வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, திண்டிவனம் தாண்டி, சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி, போய்ச் சேரும்போது மணி ஒன்றரை ஆகிவிடும். நாங்கள் ஒரு சித்திரை மாதம் அப்படித்தான் போனோம். படம் எடுக்கப் பாறையில் கையை ஊன்றிய அம்மா சுரீரென்று எடுத்துக்கொண்டார், அப்புறம் நாலு மணி வரை மரத்தடியை விட்டு நகரவில்லை. பாதி இடம் பார்க்காமலே திரும்பினோம்.

அதனால் முந்தின நாள் இரவே புது பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏறிவிடுங்கள். செங்கல்பட்டில் இறங்கினால் திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர்தான். பஸ் ஊருக்குள் போகுமா, பைபாஸில் இறக்கிவிடுவார்களா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விடியற்காலையில் ஆட்டோவுக்கு அலைய வேண்டியிருக்கும்.

காலையில் போகச் சொல்வது வெயிலுக்காக மட்டும் இல்லை. கடற்கரைக் கோயிலும், அர்ச்சுனன் தபசு என்று சொல்கிற பெரிய புடைப்புச் சிற்பமும் கிழக்கு பார்த்தவை. சாய்ந்த வெயில் விழும்போதுதான் ஒவ்வொரு உருவமும் நிழலோடு எழுந்து நிற்கும், மதியம் பார்த்தால் எல்லாம் ஒரே கல்லாகத் தெரியும். யானைகளை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், யானைக்குக் கீழே தேடுங்கள்: பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனையும், அதை நம்பிப் பக்கத்தில் நிற்கிற எலிகளும் இருக்கும்.

வெண்ணெய் உருண்டை என்கிற பெரிய உருண்டைப் பாறைக்கு முன்னால் நின்று தள்ளுவது போலப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவது அடுத்த தவறு. படம் எடுங்கள், சரி, ஆனால் அந்தக் கல் எப்படி வந்தது என்றும் பாருங்கள். அதை யாரும் உருட்டிக் கொண்டுவந்து வைக்கவில்லை. பெரிய பாறையின் விரிசல்களில் மழைநீர் இறங்கி, முனைகளை முதலில் அரித்து, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரித்து, நடுவில் மிச்சமாக விட்ட உருண்டை அது. நம்மூர்க் கரடுகளிலும் இப்படி உருண்டைக் கற்கள் கிடக்கின்றன, இவ்வளவு சரிவில் நிற்பதுதான் ஆச்சரியம். 1908-ல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளை வைத்து இழுத்தும் அசையவில்லை என்று சொல்வார்கள்.

எல்லாவற்றையும் 'கல் கோயில்' என்று ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். ஐந்து ரதங்கள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்தவை, பஞ்சபாண்டவர் பெயரெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது. கடற்கரைக் கோயிலோ கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியது, பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தது. நாமக்கல் நரசிம்மர் குடைவரையைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். ஊருக்குள் சில பாறைகளில் வரிசையாகச் சின்னக் குழிகள் தெரியும், விரலை விட்டுப் பாருங்கள். கல்லைப் பிளக்க ஆப்பு அடிக்கத் தோண்டியவை அவை.

சாளுவன்குப்பத்தை விடவே விடாதீர்கள். வடக்கே ஐந்து கிலோமீட்டர்தான், பெரும்பாலானவர்கள் நேரமில்லை என்று தாண்டிவிடுகிறார்கள். புலிக்குகை என்று பெயர், ஆனால் புலியும் இல்லை, ஆழமான குகையும் இல்லை. ஒரு தனிப் பாறையில் மேடை மாதிரி குடைந்து, சுற்றிலும் யாளி முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே 2004 சுனாமிக்குப் பிறகு வெளியே தெரிந்த செங்கல் முருகன் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. எனக்கு இந்த ஊரிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், இழுப்பு அதிகம். மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்குள் வீடு வந்துவிடலாம்.