அப்பத்தா எங்கே தேடுவார்? குழந்தை பிறர் மனத்தை அறியப் பழக்குவது எப்படி

ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள், நாம் பார்க்கும் பொருளைத் தானும் திரும்பிப் பார்க்கவும், கண்டதை நமக்குக் காட்டவும் குழந்தை கற்றுக்கொள்கிறது. யாங்கோனில் அடுக்குமாடி ஜன்னலருகே நின்று அது மின்கம்பிப் புறாவைச் சுட்டினால், முதலில் புறாவையும் அடுத்துக் குழந்தையின் முகத்தையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு பெயரைச் சொல்லுங்கள். அதைத் தமிழில் சொல்வதா பர்மியத்தில் சொல்வதா என்ற கவலை வேண்டாம். இருவர் பார்வையும் ஒரே பொருளில் கூடுவதே அந்த வயதுக்குரிய பாடம்.

மின்சாரம் திடீரென்று நின்றால், மெழுகுவர்த்தி ஏற்றியதும் ஒரு வயதுக் குழந்தை முதலில் தாயின் முகத்தைத்தான் தேடும். 1985இல் வெளியான ஓர் ஆய்வில், பள்ளம் போலத் தோன்றும் கண்ணாடித் தளத்தின் மறுமுனையில் தாய் மலர்ந்த முகத்துடன் நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தனர். தாய் அச்சம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. ஆகவே இருட்டில் "ஐயையோ" என்று அலறுவதைப் பெரியவர்கள் அடக்கிக்கொள்வது நல்லது.

பிறருடைய விருப்பம் தன் விருப்பத்திலிருந்து வேறுபடலாம் என்பது ஏறக்குறைய ஒன்றரை வயதில் பிடிபடுகிறது. இதை அடுக்களையிலேயே சோதிக்கலாம். ஒரு தட்டில் பிஸ்கட்டும் இன்னொன்றில் பாகற்காய்ப் பொரியலும் வையுங்கள். பிஸ்கட்டைச் சுவைத்து முகத்தைச் சுளியுங்கள்; பாகற்காயைத் தின்று மகிழுங்கள்; பின்பு எதையும் சுட்டாமல் கையை மட்டும் நீட்டி, "எனக்கு ஒன்று கொடு" என்று கேளுங்கள். 1997இல் பாகற்காய்க்குப் பதிலாகப் பிராக்கோலி என்னும் பச்சைக் காய்கறியை வைத்து இவ்வாறு சோதித்தபோது, 14 மாதக் குழந்தைகள் தமக்குப் பிடித்த பிஸ்கட்டையே நீட்டினர். 18 மாதக் குழந்தைகளோ கேட்டவர் விரும்பிய பிராக்கோலியைக் கொடுத்தனர். முகபாவம் தெளிவாக இருக்க வேண்டும். அரைகுறையாக நடித்தால் பெரியவர்களுக்கே விளங்காது.

மிகவும் கடினமானது, பிறர் தவறாக எண்ணிக்கொண்டிருக்கலாம் என்பதை உணர்வது. அப்பத்தா வெற்றிலைப் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறார். குழந்தை பார்த்திருக்க நீங்கள் அதைக் கட்டிலுக்கடியில் மாற்றுகிறீர்கள். "அப்பத்தா வந்ததும் எங்கே தேடுவார்?" என்று கேட்டால், மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் "கட்டிலுக்கடியில்" என்றே சொல்லும். அது மந்தபுத்தியன்று, தான் அறிந்ததை அப்பத்தாவும் அறிவார் என்று அது நம்புகிறது, அவ்வளவே. பொதுவாக நான்கு, ஐந்து வயதில் விடை சரியாக வரும். அதற்குமுன் திருத்தவோ சிரிக்கவோ வேண்டாம். அப்பத்தா வந்து அலமாரியைத் துழாவுவதைக் குழந்தை தன் கண்ணாலேயே பார்க்கட்டும், பிறகு, "பெட்டி இங்கேதானே இருக்கிறது, அப்பத்தா ஏன் அங்கே போய்த் தேடினார்?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பேசாமல் இருங்கள்.