கிட் காருக்கு டிஜிட்டல் டேஷ்போர்டு: எதைப் பார்த்து வாங்குவது?

பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கிட் காருக்கு டேஷ் வாங்கும்போது, திரையின் அழகை அப்புறம் பார்க்கலாம், முதலில் இன்ஜினைப் பாருங்கள். இசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கேன் பஸ் (கார் பாகங்கள் டேட்டா பரிமாறும் இணைப்பு) இருந்தால் இரண்டே ஒயரில் ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம் எல்லாம் வந்துவிடும். டேஷ் அந்த இசியூவின் டேட்டா வடிவத்தைப் படிக்க வேண்டும், வேகமும் (500 கேபிபிஎஸ் அல்லது 1 எம்பிபிஎஸ்) ஒத்துப்போக வேண்டும். பவரை அணைத்துவிட்டு இரண்டு ஒயருக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால், இரு முனையிலும் இருக்க வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர்களில் ஒன்று இல்லை.

கார்புரேட்டர் இன்ஜின் என்றால் ஆர்பிஎம் சிக்னல் இக்னிஷன் காயிலின் நெகட்டிவிலிருந்து வரும். அங்கே சில நூறு வோல்ட் துள்ளும். அதைத் தாங்கும் இன்புட் இல்லாத டேஷ் புகைந்துவிடும்.

பெட்ரோல் அளவைச் சொல்லும் டேங்க் சென்டர் (sender), காலியிலிருந்து நிறையும் வரை, சிலவற்றில் 240–33 ஓம், சிலவற்றில் 10–180. இரண்டுக்கும் காலிபிரேட் செய்ய முடிகிறதா என்று கேளுங்கள். திறந்த கார் என்றால் 1000 நிட்ஸுக்கு (திரை வெளிச்சத்தின் அளவு) குறைந்த திரை வெயிலில் வெறும் கண்ணாடிதான்.

பலர் கோட்டைவிடும் இடம் சார்ஜ் விளக்கு. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பல ஆல்டர்னேட்டர்கள் அந்த பல்பு வழியாக வரும் கரன்ட்டில்தான் விழித்துக்கொள்ளும். எல்இடி டேஷ் மாட்டினால் அந்த கரன்ட் போதாமல் பேட்டரி சார்ஜ் ஏறாமல் போகலாம். இக்னிஷன் 12 வோல்ட்டுக்கும் ஆல்டர்னேட்டரில் அந்த பல்பு ஒயர் சேரும் டி பிளஸ் (D+) முனைக்கும் இடையே 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் போடுங்கள்.