பரணில் கிடக்கும் ஓலைச்சுவடியைக் கெடாமல் காப்பது எப்படி

தஞ்சை அரண்மனைக்குள் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகம் நாயக்கர் காலத்தில் தொடங்கியது. மராத்தியர் ஆட்சியிலும் தொடர்ந்து, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் கையில் பெருகி, 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ராஜாக்கள் ஏடு சேர்த்தார்கள் என்பது பாதிக் கதைதான். சேர்த்த ஏட்டைத் தூசு தட்டி, எண்ணெய் பூசி, நைந்துபோனதைப் புது ஓலையில் பெயர்த்தெழுதியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்ததால்தான் அது இன்றும் இருக்கிறது. அந்த வேலையில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். டெல்டா மாவட்டங்களில் வைத்தியம், சோதிடம், தேவாரம், நிலக்கணக்கு என்று ஏதாவது ஒரு கட்டு இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. பழைய ஏட்டை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டதால் போன நூல்கள் கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் வீட்டுக் கட்டை அப்படி விட்டுவிடாதீர்கள்.

கட்டு கைக்கு வந்ததும் பிரிக்காதீர்கள். முதலில் அதன் அமைப்பைப் பாருங்கள். மேலும் கீழும் இரண்டு மரச்சட்டம் இருக்கும். ஏட்டில் இரண்டு துளை: ஒன்றில் கயிறு ஓடும், மற்றொன்றில் ஏடு நகராமலிருக்க நாராசம் என்ற கம்பியோ குச்சியோ செருகியிருக்கும். கயிற்று நுனியில் ஓலையால் செய்த கிளிமூக்கு இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். இருக்கிறபடியே நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துக் கட்டை அதில் வையுங்கள். அடியில் மாவுபோல் புதுத் தூள் உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்தக் கட்டைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். மற்ற ஏடுகளோடும் புத்தகங்களோடும் சேர்க்கக் கூடாது.

கயிறு இற்றுப்போயிருந்தால் இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள். இழுத்தால் துளை கிழியும், துளையை ஒட்டிய எழுத்தும் போய்விடும். ஏடுகளை இருந்த வரிசையிலேயே அடுக்குங்கள். வரிசை கலைந்திருந்தாலும் பயமில்லை, இடது ஓரத்தில் தமிழ் எண் இருக்கும். பழைய முறையில் பூஜ்யம் கிடையாது. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱. ஆகவே ௰௫ என்றால் பதினைந்து, ௨௰௩ என்றால் இருபத்துமூன்று. இந்த எண்களைத் தெரிந்துகொண்டால் சிதறிய கட்டையும் ஒரு மாலையில் வரிசைப்படுத்திவிடலாம்.

அடுத்தது தூசு. அரை அங்குல அகலமுள்ள மென்மையான ஓவியத் தூரிகை போதும். ஏட்டின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, நார் ஓடும் திசையிலேயே தள்ளுங்கள். குறுக்கே தேய்த்தால் ஓரம் சிலிர்த்துப் பிரியும். பழந்தூசில் பூஞ்சையும் இருக்கும், முகக்கவசம் இல்லாமல் உட்காராதீர்கள். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் ஏட்டில் படும். அழுக்கு விடாப்பிடியாக இருந்தால் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, பஞ்சில் தொட்டு நன்றாகப் பிழிந்துவிட்டு, எழுத்தில்லாத ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். எழுத்தாணியால் கீறிய ஏட்டுக்கு மட்டுமே இது பொருந்தும். மையால் எழுதியதையும் வண்ணம் தீட்டியதையும் எதைக் கொண்டும் துடைக்கக் கூடாது, ஒரு தடவல் போதும், எழுத்து பஞ்சோடு வந்துவிடும்.

ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால்தான் உண்மையான சோதனை. கத்தியோ நகமோ வேண்டாம். மூடியுள்ள பெரிய டப்பாவின் அடியில் ஈரப்பஞ்சு பரப்பி, அதற்கு மேலே சல்லடை வைத்து, தண்ணீர் படாமல் ஏட்டை அதன்மேல் வையுங்கள். மணிக்கொருமுறை திறந்து பாருங்கள். சில மணி நேரத்தில் ஓலை கொஞ்சம் இளகும். அப்போது மெலிதாகச் சீவிய மூங்கில் சிம்பை ஓரத்தில் நுழைத்து நகர்த்தினால் தானாக விட்டுக்கொடுக்கும். விடவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரவு முழுக்க டப்பாவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அவசரத்தில் உரித்த ஏட்டில் பாதி எழுத்து அடுத்த ஏட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

எண்ணெயும் மையும்

சரஸ்வதி மகாலில் பயன்படுவது எலுமிச்சைப்புல் எண்ணெய். அது ஓலையை வளையும் பதத்துக்குக் கொண்டுவரும், வாடைக்குப் பூச்சியும் அண்டாது. கலப்பில்லாத எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் மூன்றும் கூடாது, நாளாக நாளாகப் பிசுக்காகித் தூசைப் பிடித்து ஏடுகளை ஒட்டவைப்பவை அவைதான். ஏட்டுக்கு ஒரு பக்கம் இரண்டு மூன்று சொட்டுப் போதும். பஞ்சில் விட்டு நீளவாக்கில் ஒருமுறை தடவி, மிச்சத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தொட்டால் விரலில் எண்ணெய் தெரியக் கூடாது. நிழலில் ஒரு நாள் பரப்பிவைத்துப் பிறகு அடுக்குங்கள். வெயிலில் வைத்தால் நார் வெடிக்கும்.

கீறல் எழுத்து மங்கியிருந்தால் மை பூசலாம். அந்நாளில் ஊமத்தை, கோவை இலைச் சாற்றோடு கரி கலந்து பூசினார்கள். இப்போது ஒரு தேக்கரண்டி எலுமிச்சைப்புல் எண்ணெயில் ஒரு சிட்டிகை சலித்த விளக்குக்கரி போதும். பூசிய கையோடு மேற்பரப்பைத் துடைத்தால் கரி கீறலில் மட்டும் தங்கி எழுத்து பளிச்சென்று எழும். ஓலை பொடிகிற நிலையில் இருந்தால் மை பூசாதீர்கள். அதற்கு விளக்கே போதும்: அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஏட்டின் மட்டத்துக்குச் சாய்த்துப் பக்கவாட்டில் அடியுங்கள். ஒவ்வொரு கீறலிலும் நிழல் விழுந்து, வெறும் ஓலையாகத் தெரிந்த இடத்தில் வரி வரியாக எழுத்து தெரியும். போட்டோவும் இதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, இரண்டு பக்கமும் எடுங்கள். கோப்புக்கு ஏட்டெண்ணையே பெயராக வையுங்கள்.

படிக்க முயல்கிறவர்களுக்கு ஒன்று. பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. கெ, கே இரண்டும் ஒன்றுபோல இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. வாய்விட்டுப் படித்தால் கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

வைக்கும் இடம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் டெல்டாவில் ஏட்டுக்கு எமன். வெளிச்சுவரில் பதித்த அலமாரி அந்த மாதங்களில் வியர்க்கும். இரும்பு பீரோவோ தேக்குப் பெட்டியோ, சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் அரை அடி தள்ளி, மேல்தட்டில் வையுங்கள். 2018 கஜா புயலில் தண்ணீர் ஏறிய வீடுகளை நினைத்தால் மேல்தட்டு ஏன் என்பது புரியும். அப்படி நனைந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை வந்துவிடும். அச்சில்லாத தாளை ஏட்டுக்கிடையில் வைத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில், தாளை மாற்றி மாற்றி உலர்த்துங்கள்.

சட்டத்தோடு சேர்த்துக் கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, அழுத்தாமல் இறுக்கமாகக் கட்டுங்கள். தளர்ந்த கட்டுக்குள் ராமபாணப் பூச்சி சுலபமாக நுழையும். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, லவங்கப்பட்டை எல்லாவற்றையும் இடித்துக் கற்பூரம் கலந்து சிறு முடிப்பாகப் பக்கத்தில் வைப்பது சரஸ்வதி மகாலின் வழக்கம். வசம்பு கூடுதலாக இருக்கட்டும். பொடி ஏட்டின்மேல் சிந்தக் கூடாது. மூன்று மாதத்துக்கொருமுறை முடிப்பை மாற்றுங்கள், கட்டை ஆண்டுக்கொருமுறை பிரித்துப் பாருங்கள். தை, மாசியில் காற்று உலர்ந்திருக்கும்போது செய்வது நல்லது.

வீட்டில் முடியாத நிலை என்றால் சரஸ்வதி மகாலையோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையையோ அணுகுங்கள். வெளியூர் வியாபாரியிடம் விற்றுவிடாதீர்கள். வரலாற்று, இலக்கிய, அறிவியல் மதிப்புள்ள 75 ஆண்டு கடந்த சுவடிகள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூலகத்துக்குக் கொடுப்பதென்றால் ஏட்டின் எண்ணிக்கை, நீள அகலம், முதல் வரி, கடைசி வரி நான்கையும் எழுதி இரண்டு படி எடுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி, எடுத்த போட்டோக்களோடு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.